பென்ஷன் பட்டியலில் இருப்பவர்கள்

மற்றவர்களுக்கு வருஷம் சித்திரையில் பிறக்கிறது; பென்ஷன் கணக்கு எழுதுகிறவனுக்கு அது மார்ச் முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் முடிந்து, முடிந்ததற்குப் பதில் சொல்வதிலேயே அடுத்த வருஷமும் தீர்ந்துபோகிறது.

வேலூரில் ஒரு ஸ்தல ஸ்தாபனத்தில் இருபத்தெட்டு வருஷம் பென்ஷன் நிதிக் குமாஸ்தாவாக இருந்தேன். ஸ்தாபனத்தின் பெயர் வேண்டாம். ரோடு மேஸ்திரி, பள்ளிக்கூட வாத்தியார், அம்மை குத்துகிறவர், சுங்கச்சாவடிக் காவல்காரர் என்று எல்லார் சம்பளத்திலும் மாதாமாதம் ஒரு தொகை பிடித்து இந்த நிதியில் சேர்ப்பார்கள். வயதாகி வேலையை விட்டதும் அதிலிருந்து பென்ஷன் கொடுப்பார்கள். பிடித்தது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, வாங்குகிறவர்களில் இருப்பவர் யார், போனவர் யார், மிச்சம் என்ன என்று வருஷத்துக்கு ஒரு புத்தகம் எழுத வேண்டும். வருஷாந்தர அறிக்கை என்று பெயர். பிரசிடெண்டு அதில் கையெழுத்திடுவார், கமிட்டி ஒப்புக்கொள்ளும், மெட்ராஸிலிருந்து ஆடிட்டர் வந்து தப்புக் கண்டுபிடிப்பார். திட்டு மட்டும் நேராக எனக்கு வரும்.

என் அப்பா ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் முழங்கால் அளவு நின்று வேலை செய்தவர். மிஷன் பள்ளியில் படித்து மெட்ரிகுலேஷன் தேறி நான் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபோது எங்கள் தெருவே சந்தோஷப்பட்டது. அந்த நாற்காலியில் மார்ச் மாதம் எப்படி இருக்கும் என்பது தெருவுக்குத் தெரியாது. வருஷ முடிவுக் கணக்கில் தலையைக் கொடுத்த சகோதரர்களே, உங்களுக்குத் தெரியும். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

செத்துப்போன முனுசாமி

நான் வேலையில் சேர்ந்த முதல் வருஷம் இது நடந்தது. பென்ஷன் வாங்குகிறவர் ஒவ்வொருவரும் மார்ச் மாதத்தில் ஒருமுறை நேரில் வந்து, உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சியாகக் கட்டைவிரல் ரேகை வைக்க வேண்டும் என்பது விதி. சுங்கச்சாவடியில் காவல்காரராக இருந்து ஓய்வு பெற்ற ஆம்பூர் முனுசாமிக்கு அந்த மார்ச்சில் காலில் புண், வரவில்லை. அதே மாதம் ஆம்பூரிலேயே ரோடு மேஸ்திரி முனுசாமி என்ற இன்னொரு பென்ஷன்காரர் இறந்துபோனதாகக் கடுதாசி வந்தது. அவசரத்தில் நான் சுங்கச்சாவடிக்காரரின் பெயருக்கு எதிரே ‘காலமானார்’ என்று எழுதிவிட்டேன். ஏப்ரலில் ஒரு நாள் காலை, செத்தவர் கம்பு ஊன்றிக்கொண்டு வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றார். அறிக்கையோ பிரசிடெண்டு கையெழுத்தாகி, உறையில் போட்டு, அரக்கு முத்திரையும் வைத்தாகிவிட்டது.

எங்கள் ஹெட் கிளார்க் ராஜகோபால முதலியார் நல்ல மனிதர்; ஆனால் அரக்கு முத்திரையைக் கண்டால் நடுங்குவார். கையெழுத்தான அறிக்கையில் செத்தவரை அடுத்த வருஷ அறிக்கையில்தான் பிழைக்க வைக்கலாம், அதுவரைக்கும் பென்ஷன் கிடையாது என்று தணிந்த குரலில் சொன்னார். முனுசாமியின் பென்ஷன் மாதம் நாலு ரூபாய். வீட்டில் அவரும் கண் தெரியாத மனைவியும் மட்டும். ஒரு வருஷம் அவர்கள் எதைச் சாப்பிடுவார்கள்? தப்பு முழுக்க என்னுடையது. சொன்னால் என் வேலைக்கு ஆபத்து, சொல்லாவிட்டால் அவருடைய அடுப்புக்கு ஆபத்து. பிரசிடெண்டு அன்று மத்தியானமே காட்பாடியில் ரயிலேறி நீலகிரிக்குப் போகிறார், ஜூன் மாதம்தான் திரும்புவார் என்று தெரிந்தது. முனுசாமியை ஒரு ஜட்காவில் ஏற்றி, உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் பங்களாவுக்குப் போனேன்.

பெட்டி படுக்கை வண்டியில் ஏறிக்கொண்டிருந்தது. நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன்: தப்பாக எழுதியவன் நான், இவர் இறந்துபோனதாக நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், இவர்தான் அவர். பிரசிடெண்டு முனுசாமியைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். பிறகு அரக்கைத் தானே உடைத்து, ‘காலமானார்’ என்பதை அடித்து, அதை ரோடு மேஸ்திரியின் பெயருக்கு எதிரே எழுதி, இரண்டுக்கும் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். இனிமேல் ஆளைப் பார்க்காமல் யாரையும் கொல்லாதே என்று மட்டும் என்னிடம் சொல்லிவிட்டு வண்டி ஏறினார். என் வேலை பிழைத்தது. ஜட்காவில் திரும்பி வரும்போது கோட்டை அகழி தெரிந்ததும் முனுசாமி சொன்னார்: “கருமாதிச் செலவு மிச்சம் சாமி. அதையும் உங்க கணக்குல வரவு வச்சிக்குங்க.”

அம்மை குத்தினவர்

வருஷா வருஷம் வரும் ஆடிட்டர் பச்சை மசியில் எழுதுவார். ஆபீசில் வேறு யாரும் அந்த நிறத்தைத் தொடக்கூடாது. ஒரு வருஷம் பென்ஷன் பட்டியலில் காவேரிப்பாக்கம் ஆறுமுகத்தின் பெயருக்கு எதிரே அவருடைய பச்சைக் கேள்வி ஒன்று இருந்தது. ஆறுமுகம் அம்மை குத்துகிறவராக இருபத்து மூன்று வருஷம் வேலை பார்த்தார். பென்ஷன் வாங்க ஆரம்பித்து முப்பத்தோராவது வருஷம் நடக்கிறது. வேலை செய்த காலத்தைவிட அதிகக் காலம் பென்ஷன் பெற்றதற்குக் காரணம் கூறுக என்பது கேள்வி. ஆள் மாறாட்டம் என்று அவர் சந்தேகப்பட்டது வெளிப்படை. பதில் திருப்தியாக இல்லாவிட்டால் பென்ஷன் நிற்கும்.

ஒரு மனிதர் சாகாததற்கு எழுத்து மூலம் என்ன காரணம் கூறுவது? இரண்டு நாள் யோசித்துவிட்டு, ஆளையே வரவழைப்பதுதான் பதில் என்று முடிவு செய்தேன். ஆறுமுகம் காவேரிப்பாக்கத்திலிருந்து மாட்டு வண்டியில் வந்தார். நிமிர்ந்து நடந்தார், பல் மட்டும் இல்லை. ஆடிட்டரின் சட்டைக் கையைச் சுருட்டச் சொல்லி, தோளுக்குக் கீழே இருந்த தழும்பைத் தடவிப் பார்த்து, இது தன் கைவேலை இல்லை, தான் குத்தினால் தழும்பு வட்டமாக இருக்கும் என்றார். ஆபீசில் நாலு பேர் கையைச் சுருட்டிப் பார்த்தோம். ஆறுமுகம் குத்திவந்த வாலாஜாப் பக்கத்துக்காரரான எங்கள் ஆபீஸ் டபேதார் கையில் மட்டும் வட்டம். ஆடிட்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேள்வியைப் பச்சை மசியாலேயே அடித்தார். ஆனாலும் இவ்வளவு வருஷம் எப்படி என்று வாயால் கேட்டுவிட்டார். ஆறுமுகம் சொன்னார்: “ஊருக்கெல்லாம் குத்தறதுக்கு முன்னாடி எனக்குத்தான் குத்திக்குவேன். அது ஜாஸ்தியா புடிச்சிக்கிச்சு, நான் இன்னா பண்றது?”

இதர வரவு

அறிக்கையின் வரவுப் பக்கத்தில் கடைசி வரி ‘இதர வரவு’. வரிசையில் சேராத சில்லறைகளை அதில் போட்டு மூடுவது வழக்கம். பழைய அறிக்கைகளை ஒரு நாள் அடுக்கி வைத்துப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. ஒவ்வொரு வருஷமும் அந்த வரியில் ஒரே தொகை: பன்னிரண்டு ரூபாய் ஆறணா. சில்லறை வரவு வருஷத்துக்கு வருஷம் ஏறி இறங்க வேண்டும். ஒரே அளவில் வருகிறது என்றால் யாரோ மாதாமாதம் கொடுக்கிறார்கள். ராஜகோபால முதலியாரிடம் காட்டினேன். அந்த வரி தாம் வேலைக்கு வருவதற்கு முன்பே இருக்கிறது, அதைக் கிளறி நமக்கு ஏன் பேஜார் என்றார். கிளறினேன். மூன்று மாதம் சம்பளப் பட்டிகளைப் புரட்டியதில், ஆம்பூர் பஜாரில் தெருக் கூட்டும் பெண்கள் பதினொரு பேர் சம்பளத்தில் ஆளுக்கு மாதம் ஒன்றரை அணா பென்ஷன் நிதிக்கென்று பிடித்திருப்பது தெரிந்தது. பெருக்கிப் பார்த்தேன். பன்னிரண்டு ரூபாய் ஆறணா சரியாக வந்தது. பணம் நிதிக்கு வந்திருக்கிறது, பெயர்கள் வரவில்லை. சம்பளப் பட்டியில் அவர்களைத் ‘தற்காலிகம்’ என்று எழுதியிருந்தார்கள். அதனால் பென்ஷன் பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை.

அந்தப் பதினொருவரில் மூத்தவர் கன்னியம்மா. ஆம்பூரில் எங்கள் பக்கத்துத் தெரு. நான் பள்ளிக்கூடம் போகும்போது பஜாரைக் கூட்டிக்கொண்டிருப்பார். இருபத்தாறு வருஷமாக அவர் தற்காலிகம். அவருக்கு முன்னால் இரண்டு பேர் குனிய முடியாமல் போய் வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் இடத்துக்கு வேறு இரண்டு பேர் வந்ததால் எண்ணிக்கை மட்டும் பதினொன்றிலேயே நின்றது. இதைக் கேட்ட அன்று எனக்கு வேலை ஓடவில்லை. மனுப் போட்டால் தூங்கிவிடும் என்று தெரியும். ஆகையால் அந்த வருஷ அறிக்கையில் ‘இதர வரவு’ என்பதை எடுத்துவிட்டு, ‘தெருக்கூட்டும் பெண்கள் பதினொருவர் செலுத்திய சந்தா’ என்று எழுதி, அதே தொகையைப் போட்டேன். கீழே பதினொரு பெயரும். வேறொன்றும் எழுதவில்லை. பிரசிடெண்டுக்குப் போகுமுன் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டிய முதலியார் அந்த வரியை இரண்டு தரம் படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். அதற்காக இன்றைக்கும் அவரை நினைத்துக் கொள்கிறேன்.

கமிட்டியில் அந்த வரி வந்தபோது பெரிய வாக்குவாதம். சந்தா வாங்கியது உண்மையானால் அவர்கள் அங்கத்தினர்கள். அங்கத்தினர் என்றால் பென்ஷன் உண்டு. இல்லை என்றால் இத்தனை வருஷத்துப் பணத்தையும் வட்டியோடு திருப்ப வேண்டும், ஏன் வாங்கினோம் என்று மெட்ராஸுக்குப் பதிலும் எழுத வேண்டும். பதில் எழுதுவதைவிடப் பென்ஷன் கொடுப்பது சுலபம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். வெறுங்கையோடு போன அந்த இரண்டு பேரையும் சேர்த்துத் தீர்மானம் ஆயிற்று. கன்னியம்மா வேலையை விட்டதும் முதல் பென்ஷன் வாங்க வேலூர் வந்தார். ரேகை வைத்த விரலை என் மேஜையின் ஓரத்திலேயே துடைத்துவிட்டு, ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு சொன்னார்: “ஒன்ற அணாவ எவன் துண்றானோன்னு இத்தினி வருசமா வைஞ்சிகினு இருந்தேன் தம்பி. யாரும் துண்ணல. இங்கயே உக்காந்து குட்டி போட்டுகினு இருந்திருக்குது.”

ரு, ற

அறிக்கை அதுவரை இங்கிலீஷில் மட்டும் இருந்தது. பென்ஷன்காரர்கள் படிக்கட்டும் என்று தமிழிலும் ஒரு பிரதி அச்சிடக் கமிட்டி அனுமதித்தது. நான் கேட்டு வாங்கிய அனுமதி அது. வருஷக் கூட்டத்தன்று காலையில் பஜார் அச்சாபீசிலிருந்து இருநூறு பிரதிகள் ஈரம் காயாமல் வந்து இறங்கின. பென்ஷன்காரர்களில் முக்கால்வாசிப் பேர் தாழ்வாரத்தில் கூடியிருந்தார்கள். குடியாத்தத்திலிருந்து வந்த தமிழ் வாத்தியார் ஒருவர் முதல் பிரதியை வாங்கி, எல்லாருக்கும் கேட்கும்படி தலைப்பை வாசித்தார். ‘இவ்வாண்டு ஓய்வு பெற்று இருப்பவர்கள்’ என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன். அச்சில் ‘இவ்வாண்டு ஓய்வு பெற்று இறப்பவர்கள்’ என்று வந்திருந்தது. கீழே ஒவ்வொருவர் பெயரும் ஊரும் தெளிவாக இருந்தன.

உடனே ஒவ்வொருவராகத் தம் பெயர் இருக்கிறதா என்று என்னிடம் கேட்க ஆரம்பித்தார்கள். இருக்கிறது என்று நான் எந்த முகத்தோடு சொல்வது? இரண்டு பேர் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கே கிளம்பிவிட்டார்கள். தமிழ்ப் பிரதியே வேண்டாம் என்று முதலிலிருந்து சொன்ன கமிட்டி அங்கத்தினர் ஒருவர் மூன்று மணிக்கு வருவார். இதைப் பார்த்தால் தமிழ் அறிக்கை அன்றோடு சரி. மறுபடி அச்சடிக்க நேரமில்லை. அப்போது குடியாத்தம் வாத்தியார்தான் வழி சொன்னார். நாங்கள் பதினாலு வாத்தியார்கள் இருக்கிறோம், ஆயுசு முழுக்கத் தப்புத் திருத்தியவர்கள், பேனாவும் மசியும் கொடு என்றார். தாழ்வாரத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு பிரதியிலும் நாலு பக்கம், நாலு தலைப்பு. ‘ற’வை அடித்து மேலே ‘ரு’ போட்டார்கள். எழுதத் தெரியாதவர்கள் பிரதிகளை எடுத்துக் கொடுத்தார்கள், காய்ந்ததை அடுக்கினார்கள். இரண்டரை மணிக்கு இருநூறு பிரதியிலும் எல்லாரும் மறுபடி உயிரோடு இருந்தார்கள்.

அந்த எதிர்ப்பாளர் வந்து பிரதியைப் புரட்டினார். கையால் இவ்வளவு அழகாகத் திருத்தியது யார் என்று கேட்டார். சொன்னோம். யாரைப் பற்றிய அறிக்கையோ அவர்களே ஒரு எழுத்து விடாமல் சரிபார்த்த அறிக்கை வேறெங்கும் கிடையாது என்று அவரே கூட்டத்தில் பாராட்டிப் பேசினார். தமிழ்ப் பிரதி அன்றிலிருந்து நிலைத்தது. சாயங்காலம் அச்சுக் கோப்பவர் பில்லோடு வந்தார். அவரிடம் தலைப்பைக் காட்டினேன். அமைதியாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எழுத்துப் பெட்டில ‘ரு’ தீந்துபோச்சு சார். ‘ற’ ஜாஸ்தி கெடந்திச்சு. பென்ஷன் வாங்கறவங்கதானே, அர்த்தம் ரொம்ப மாறாதுன்னு போட்டேன்.”

திரைக்குப் பின்னால் டீச்சர்

ஆம்பூரில் பெண்களுக்கான உருதுப் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர் ஜைனப் டீச்சர். அவர் கோஷா, வெளி ஆண்கள் முன் வரமாட்டார். அப்படிப்பட்டவர்கள் ஆபீசுக்கு வர வேண்டியதில்லை, குமாஸ்தா வீட்டுக்குப் போய்த் திரைக்கு இந்தப் பக்கத்திலிருந்து ரேகை வாங்கலாம் என்று விதியில் இடம் உண்டு. ஐந்து வருஷமாக நான் அப்படித்தான் வாங்கினேன். ஆறாவது வருஷம் ஆடிட்டர் அந்த வரியில் பச்சைப் பேனாவை நிறுத்தினார். திரைக்குப் பின்னால் இருப்பது டீச்சர்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி? டீச்சர் எப்போதோ போயிருக்கலாம். வேறு யாராவது விரலை நீட்டலாம். பெயரை எடுத்துவிடு என்றார். அந்தப் பென்ஷனில்தான் டீச்சரும் படுக்கையில் கிடக்கும் அவர் தம்பியும் சாப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். எடுக்கும் முன் ஒருமுறை நீங்களே வந்து பாருங்கள் என்று கேட்டேன். வந்தார்.

தோல் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. தம்பி கட்டிலில் படுத்தபடியே எங்களுக்குச் சலாம் சொன்னார். உள் வாசலில் நீலத் திரை. திரைக்கு அடியிலிருந்து ஒரு கை வந்து ரேகை வைத்துவிட்டு உள்ளே போயிற்று. ஆடிட்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒத்திருக்கிறது, ஆனால் நான் ரேகை நிபுணன் அல்ல என்றார். பிறகு அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. கணக்கு டீச்சர்தானே, நான் படிப்பதைக் கூட்டிச் சொல்லட்டும் என்றார். அறிக்கையில் ஆம்பூர் பென்ஷன்காரர்களின் பக்கத்தைப் பிரித்து, பத்தொன்பது தொகைகளை ரூபாய், அணா, பை என்று மூச்சு விடாமல் படித்தார். வேண்டுமென்றே வேகமாகப் படித்தார் என்பது எனக்குத் தெரிந்தது. அவர் நிறுத்தியதும் திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது: நூற்று நாற்பத்து மூன்று ரூபாய் ஒன்பது அணா.

ஆடிட்டர் என்னைப் பார்த்தார். அறிக்கையில் நூற்று நாற்பத்திரண்டு ரூபாய் ஒன்பது அணா என்று அச்சாகியிருந்தது. டீச்சரின் சாப்பாடு ஒரு ரூபாயில் போயிற்று என்று நினைத்தேன். தயவுசெய்து மறுபடி கூட்டிப் பாருங்கள் என்று திரைக்குப் பின்னாலிருந்து டீச்சர் நிதானமாகச் சொன்னார். பென்சிலை எடுத்து மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை கூட்டினேன். நூற்று நாற்பத்து மூன்று ரூபாய் ஒன்பது அணா. தப்பு என் கூட்டலில். அந்தப் பக்கத்தில் ‘சரி’ என்று பச்சை மசியில் போட்டிருந்தவர் ஆடிட்டர். அவர் தம் பேனாவால் தொகையைத் திருத்தி, டீச்சரின் பெயருக்கு எதிரே ‘நேரில் சரிபார்த்தேன்’ என்று எழுதினார். அதன்பின் எந்த ஆடிட்டரும் அந்த வரியில் பேனாவை நிறுத்தவில்லை. நாங்கள் எழுந்திருக்கும்போது திரை சொன்னது: “ஆடிட்டர் சாஹேப், என் பென்ஷனை நிறுத்தறதுன்னா நிறுத்துங்க. ஆனா அதுல எவ்வளவு மிச்சம்ங்கறத மட்டும் மேஹர்பானி பண்ணி என்கிட்ட கூட்டச் சொல்லுங்க.”

தொட்டியில் ஊறும் தோல்

என் உத்தியோகத்தில் நான் பெரிதாக நினைப்பது அறிக்கையில் ஒரு பக்கத்தைப் புதிதாகச் சேர்த்ததைத்தான். யாரும் கேட்காத பக்கம் அது. போன வருஷம் என்ன ஆயிற்று என்று சொல்வதே அறிக்கை. வரப்போகிற வருஷங்களில் என்ன ஆகும் என்று யாரும் எழுதியதில்லை. ஒரு காலத்தில் ஜில்லாவில் ஒரே மூச்சில் நிறையப் பள்ளிக்கூடம் திறந்து, ஒரே சமயத்தில் நிறைய வாத்தியார்களை வேலைக்கு எடுத்தார்கள். அவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் கிழவர்கள் ஆவார்கள் என்பது எனக்கு ஒரு நாள் உறைத்தது. ஒவ்வொருவர் வயதையும் பார்த்து, இன்னும் பத்து வருஷத்தில் எந்த வருஷம் எத்தனை பேர் ஓய்வு பெறுவார்கள், எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும் என்று ஒரு அட்டவணை போட்டேன். மூன்றாவது வருஷத்திலிருந்து வரவைவிடச் செலவு அதிகம். இப்போது பெரிதாகத் தெரியும் கையிருப்பு முழுக்க அப்போது வேண்டியிருக்கும். அட்டவணையை அறிக்கையின் கடைசிப் பக்கமாகத் தைத்தேன்; தமிழ்ப் பிரதி வருவதற்கு முந்தைய காலம் அது, எல்லாம் இங்கிலீஷில்தான்.

அந்த வருஷம்தான் கமிட்டியில் ஒருவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். நிதியில் பணம் சும்மா தூங்குகிறது, அதை எடுத்து ஊர் முகப்பில் ஒரு அலங்கார வளைவும் பக்கத்தில் ஒரு மண்டபமும் கட்டலாம் என்றார். எல்லாருக்கும் பிடித்துவிட்டது. கல்லில் யார் யார் பெயர் வெட்டுவது என்றுகூடப் பேச்சு வந்துவிட்டது. நான் பிரசிடெண்டின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். கேட்டால் ஒழியக் குமாஸ்தா வாய் திறக்கக்கூடாது. கடைசிப் பக்கத்தை யாரும் திருப்பவே இல்லை. அந்த வாத்தியார்களில் பலர் முகம் எனக்குத் தெரியும். அவர்களுக்கு இங்கே நடப்பது தெரியாது. கை தூக்கச் சொல்லப் போகிற சமயத்தில், ஆம்பூரில் பெரிய தோல் ஷாப்பு வைத்திருந்த பாட்சா சாயபு என்ற அங்கத்தினர், புத்தகத்தின் கடைசியில் கட்டம் கட்டமாக ஏதோ இருக்கிறதே, தனக்கு இங்கிலீஷ் தெரியாது, எழுதினவர் யாரோ அவரே தமிழில் சொல்லட்டும் என்றார். பிரசிடெண்டு என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார்.

நான் சொன்னேன். இந்த வருஷம் இத்தனை பேர், அடுத்த வருஷம் இத்தனை பேர், மூன்றாவது வருஷம் ஒரே அடியாக இத்தனை பேர். இந்தப் பணம் தூங்கவில்லை, அவர்களுக்காகக் காத்திருக்கிறது. தீர்மானம் கொண்டுவந்தவர், மூன்று வருஷம் கழித்து வரப்போவதை இப்போதே எப்படிக் கணக்கில் எழுதுவது என்று கேட்டார். பாட்சா சாயபு மூன்றாவது வருஷத்துக் கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு அவருக்குப் பதில் சொன்னார். அவர் பேசி முடித்த பிறகு தீர்மானம் ஓட்டுக்கே வரவில்லை. கொண்டுவந்தவரே வாபஸ் வாங்கினார். மூன்று வருஷம் கழித்து அந்த வாத்தியார்கள் கூட்டமாக ஓய்வு பெற்றார்கள். ஒருவருக்கும் ஒரு மாதம்கூடப் பென்ஷன் தவறவில்லை. நான் சேர்த்த பக்கத்தை எல்லா வருஷமும் சேர்க்க வேண்டும் என்று மெட்ராஸிலிருந்தே உத்தரவு வந்தது. சாயபு அன்று சொன்னதைக் கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தில் ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதி வைத்தேன்: “என் தொட்டில ஊறுற தோல் பூரா அட்வான்ஸ் வாங்கின தோல். தொட்டி ரொம்பியிருக்குதேன்னு அதை எடுத்து வாசல்ல தோரணம் கட்டிட்டா, நாளைக்கு அட்வான்ஸ் குடுத்த கப்பல்காரன் வந்து கேக்கும்போது நான் இன்னா பதில் சொல்றது?”

யாரும் பிரித்துக்கூடப் பார்க்காத அறிக்கைதான் எங்கள் தொழிலில் நல்ல அறிக்கை என்று பெயர் வாங்கும். அந்தக் கணக்குப்படி பார்த்தால் இருபத்தெட்டு வருஷத்தில் நான் ஒரு நல்ல அறிக்கைகூட எழுதவில்லை.